கூட்டின் வாசலில் புகைப்படக் கருவி

உயிர்களிடத்து அன்பு கொள்ளுதல் ஒன்று. அவ்வன்பு அவ்வுயிர்களுக்கே தீங்காய் முடியாதவாறு நடந்துகொள்ளுதல் மற்றொன்று. முன்னது நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. பின்னதோ அறிவாலும் பயிற்சியாலும் வருவது. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைப் பறவைக் கூடுகளைப் புகைப்படம் எடுக்கும் பழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இன்று கைப்பேசி இல்லாத வீடில்லை. கைப்பேசி உள்ள கையெல்லாம் புகைப்படம் எடுக்கும் கையாகிவிட்டது. முற்றத்துச் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டினால், அன்று மாலைக்குள் அதன் படம் உறவினர் அனைவரையும் அடைந்துவிடுகிறது. எடுப்பவர் எவரும் அப்பறவைக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளவே எடுக்கின்றனர். ஆயினும் அப்படத்திற்காக அக்கூடு என்ன விலை கொடுக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்விலையை அறியாது ஒருமுறை தவறு செய்தவன் என்னும் முறையிலேயே இதனை எழுதுகிறேன்.

மருதாணி வேலி

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியப் பணியின் பொருட்டுத் தருமபுரி மாவட்டம் அரூரில் குடியேறினேன். தெற்கே சித்தேரி மலைத்தொடர், வடகிழக்கே தீர்த்தமலை, அதற்கப்பால் அனுமன்தீர்த்தத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணை, இடையிடையே கரும்பும் மரவள்ளியும் மஞ்சளும் விளையும் தோட்டங்கள், தோட்டந்தோறும் ஆழ்ந்த கிணறு, அதன் கரையில் பனையும் புளியும். பறவை நோக்குவோர்க்கு இதனினும் நல்ல ஊர் வேண்டுவதில்லை. அக்காலத்தில் என்னிடம் பிலிம் சுருள் இடும் ஒரு பழைய கேமராவும் சிறியதொரு தொலைவு லென்ஸும் இருந்தன.

நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்து மருதாணி வேலியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. சின்னான் என்றும் இதனைக் கூறுவர். கிண்ணம் போன்ற கூடு. அதனுள் மூன்று குஞ்சுகள். தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொணர்ந்து ஊட்டும் காட்சியைப் படம் எடுக்க விரும்பினேன். ஆனால் கூட்டின் முன்னே மூன்று சிறு கிளைகள் குறுக்கிட்டன. கத்தரிக்கோலை எடுத்து அவற்றை நறுக்கினேன். இலை மறைப்பு நீங்கியது. வெளிச்சம் நேரே கூட்டில் விழுந்தது. சில அடி தொலைவில் அமர்ந்து ஒரு சுருள் முழுவதும் எடுத்து முடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கூடு வெறுமையாக இருந்தது. வேலியின் மேல் ஒரு காகம் அமர்ந்திருந்தது. கொண்டைக்குருவிகள் இரண்டும் அலகில் இரையோடு அங்குமிங்கும் பறந்து கத்திக்கொண்டிருந்தன. வீட்டுக்கார அம்மையார் வந்து பார்த்தார். நறுக்கப்பட்ட கிளைகள் வாடிக் கீழே கிடந்ததைக் கண்டு, “அது மறைவு பாத்துத்தானே சார் கட்டுச்சு? நீங்க வாசலைத் தொறந்து விட்டுட்டீங்களே!” என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஒரு வாரம் கழித்துச் சுருள் கழுவப்பட்டுப் படங்கள் வந்தன. மிக அழகிய படங்கள். மூன்று சிவந்த வாய்கள் திறந்திருக்க, தாய்ப்பறவை குனிந்து ஊட்டுகிறது. பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். படத்திலிருந்த குஞ்சுகள் உயிரோடு இல்லை என்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை. அப்படம் இன்றும் என்னிடம் உள்ளது, சுவரில் மாட்டவில்லை.

கூடு என்பது யாது?

பறவைக்குக் கூடு வீடு அன்று. பெரும்பாலான பறவைகள் இனப்பெருக்கக் காலம் தவிர்ந்த ஏனைய மாதங்களில் கூட்டில் வாழ்வதில்லை. கூடு என்பது முட்டையையும் குஞ்சையும் சில வாரங்கள் காப்பதற்கென அமைக்கப்படும் தொட்டில். அத்தொட்டில் பயன் தர மூன்று காப்புகள் இடையறாது நிலவ வேண்டும்.

முதலாவது மறைவு. காகம், வால்காக்கை, வல்லூறு, பாம்பு, கீரி, உடும்பு, பூனை எனக் கூட்டைத் தேடுவோர் பலர். பறவை இலைச் செறிவைத் தேர்ந்து கட்டுவது இவர்களது கண்ணுக்குத் தப்புவதற்கே. கிளையை வெட்டுவதும், விலக்கிக் கட்டுவதும், புல்லை மிதித்துப் பாதை உண்டாக்குவதும் இம்மறைவை அழிக்கின்றன. மேலும், காகம் மிக நுண்ணிய அறிவுடையது. மனிதர் ஒரே புதரை நாள்தோறும் எட்டிப் பார்த்தால், அங்கே ஏதோ உள்ளதென அதுவும் எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது வெப்பம். முட்டைக்குள் வளரும் கருவுக்கு ஏறத்தாழ 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். குறைந்தால் வளர்ச்சி தளரும். 40 டிகிரிக்கு மேல் சென்றால் கரு அழியும். தாய்ப்பறவை முட்டை மேல் அமர்வது சூடேற்றுவதற்கு மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நம் பக்கத்துக் கோடையில் அது நிழல் தருவதற்காகவும் அமர்கிறது. செம்மூக்கு ஆள்காட்டி இதற்குச் சிறந்த சான்று. இப்பறவை அறுவடை முடிந்த மேட்டு நிலத்தில், கூழாங்கற்களுக்கிடையே, பெரும்பாலும் நான்கு முட்டைகளை வெறுந்தரையில் இடுகிறது. கடும் வெயிலில் தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. அவ்வேளையில் நாம் படத்திற்காக அருகே நின்று அதனை எழுப்பிவிட்டால், வெயிலில் கிடக்கும் முட்டைகள் சிறிது நேரத்திலேயே கெடக்கூடும். நமக்கு அது பத்து நிமிடப் பொழுதுபோக்கு. கருவுக்கு அதுவே முடிவாகலாம்.

மூன்றாவது உணவு. கொண்டைக்குருவி போன்ற சிறு பறவைகளின் குஞ்சுகள் கண் திறவாது, இறகின்றிப் பிறக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பலமுறை அவற்றிற்கு இரை வேண்டும். அவை தம் உடல் வெப்பத்தைத் தாமே பேணவும் இயலாதவை. நாம் கூட்டருகே நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை வாராது நின்றால், அத்தனை வேளை உணவும் அணைப்பும் குஞ்சுகளுக்குத் தவறுகின்றன.

குஞ்சுகள் வளர்ந்து இறகு முளைத்து, பறக்கும் நாள் நெருங்கும்போது வேறொரு ஆபத்து உண்டு. அப்பருவத்தில் அவை அஞ்சினால், பறக்கும் வலிமை வருமுன்னரே கூட்டைவிட்டுக் குதித்துவிடும். அவற்றைப் பிடித்து மீண்டும் கூட்டில் வைத்தாலும் பல வேளைகளில் தங்குவதில்லை.

மனிதர் தொட்ட முட்டையைத் தாய்ப்பறவை மனித வாடையால் ஒதுக்கிவிடும் என்று ஊர்ப்புறங்களில் கூறுவர். பெரும்பாலான சிறு பறவைகள் வாடையைக் கொண்டு தம் குஞ்சை ஒதுக்குவதில்லை. அச்சத்தினாலும், கூட்டின் இருப்பிடம் பகைக்குத் தெரிந்துவிட்டது என்பதனாலுமே அவை கூட்டைக் கைவிடுகின்றன. ஆதலால் ‘நான் தொடவில்லை, பார்க்க மட்டுமே செய்தேன்’ என்பது போதிய காப்பு ஆகாது.

பறவை நம் கண்ணைக் கவனிக்கிறது

பார்ப்பதே பறவையை எங்ஙனம் பாதிக்கும் என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. புனே நகரைச் சார்ந்த மிலிந்த் வாட்வேயும் அவருடைய குழுவினரும் பச்சைப் பஞ்சுருட்டான் பறவைகளை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பஞ்சுருட்டான் மண் கரையில் நீண்ட வளை குடைந்து அதனுள் முட்டையிடுவது. அரூர்ப் பகுதியில் ஆற்றங்கரைகளிலும் சாலையோர மண் வெட்டுகளிலும் இவ்வளைகளைக் காணலாம்.

ஆய்வில் ஒரு மனிதர் வளைக்கு அருகே நின்றார். வளையின் வாயில் அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றபோது, பறவை இரையோடு வந்தும் உள்ளே புகத் தயங்கியது. ஏறத்தாழ அதே தொலைவில், ஆனால் வாயில் அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றபோது அத்தயக்கம் குறைந்தது. அதாவது, மனிதர் அருகில் உள்ளாரா என்பதை மட்டுமன்றி, அவரால் தன் கூட்டைக் காண முடியுமா என்பதையும் அப்பறவை கணக்கிடுகிறது.

புகைப்படம் எடுப்பவர் எப்போதும் கூட்டின் வாயில் தெரியும் இடத்தையே நாடுகிறார். பறவை அஞ்சும் இடமும் அதுவே. மின்கம்பியில் அமர்ந்து, அலகில் தட்டானைக் கவ்வியபடி வெகு நேரம் அசையாதிருக்கும் பஞ்சுருட்டானைப் பலர் ‘அழகாக நிற்கிறது’ என்று படம் எடுக்கின்றனர். உண்மையில் அது நமக்காக நிற்கவில்லை. நாம் போவதற்காகக் காத்து நிற்கிறது. வளைக்குள்ளே குஞ்சுகள் பசித்திருக்கின்றன.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். கலவரமுற்ற பறவையின் படம் பொய்ப் படமாகும். அது அப்பறவையின் இயல்பான வாழ்வைக் காட்டுவதில்லை; நம்மைக் கண்டு அது அடைந்த அச்சத்தையே காட்டுகிறது. பறவையின் நடத்தையை அறிய விரும்புவோர்க்கு அப்படத்தால் பயன் இல்லை.

முன்னோர் ஏன் கூட்டருகே சென்றனர்?

கூட்டுப் படங்கள் வழக்கத்திற்கு வந்ததற்கு வரலாற்றில் காரணம் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி முழுவதும் புகைப்படங்களால் விளக்கப்பட்ட நூலை வெளியிட்டனர். அக்காலக் கேமரா கண்ணாடித் தகடு இடும் கனத்த பெட்டி. பறந்து திரியும் பறவையை அதனால் பிடிக்க இயலாது. பறவை தவறாது திரும்பி வரும் இடம் கூடு ஒன்றே ஆதலால் அங்கே காத்திருந்தனர். காளையின் தோலால் பொய்க்காளை ஒன்றைச் செய்து, அதனுள் ஒளிந்தும் படம் எடுத்தனர்.

எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1937இல் ஓர் ஆந்தைக் கூட்டருகே அமைத்த மறைவிடத்தில் ஏறும்போது, தாய் ஆந்தை தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். ஆந்தை தன் குஞ்சைக் காத்தது. அதனைக் குற்றம் கூறுவதற்கில்லை. பின்னாளில் அந்நாட்டிலேயே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரிய பறவைகளைக் கூட்டில் கலவரப்படுத்தும் வகையில் படம் எடுக்க அரசு உரிமம் பெறுதல் கட்டாயமாயிற்று.

நம் தமிழகத்தில் மா. கிருஷ்ணன் (1912–1996) அவர்களை நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். இயற்கை குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். விலங்கையும் பறவையையும் பொறுமையோடு பல்லாண்டுகள் நோக்கி அறிந்த பின்னரே அவற்றைப் பற்றி எழுதினார்.

இன்று நீண்ட தொலைவு லென்ஸுகள் வந்துவிட்டன. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பதிவாகிறது. இரை தேடும் பறவை, நீராடும் பறவை, பாடும் பறவை அனைத்தையும் கூட்டுக்கு வெகு தொலைவிலேயே எடுக்கலாம். கியர்ட்டன் உடன்பிறந்தார்க்கு இருந்த கட்டாயம் நமக்கில்லை. கட்டாயம் நீங்கிய பின்னும் பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. இதனை உணர்ந்தே, நம் நாட்டில் இயற்கைப் புகைப்படக் குழுக்களும் போட்டிகளும் பல, கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி செய்துள்ளன.

சட்டமும் அறமும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டையாடுதல்’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் நம் கவனத்திற்குரியது. கொல்லுதல், பிடித்தல் ஆகியவற்றோடு, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலவரப்படுத்துவதும் அவ்விளக்கத்துள் அடங்கும். துப்பாக்கியைக் கையாலும் தொடாத ஒருவர், கேமராவோடு சென்று சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர் ஆகிவிடலாம்.

நம் அறநூல்கள் இதனினும் நுட்பமாகச் சொல்லியுள்ளன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை என்னும் விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுந்த பாரம் ஏற்றுதல் ஆகிய நான்கினோடு ஐந்தாவதாக வருவது அன்னபான நிரோதம். அதாவது ஓர் உயிர்க்கு உரிய உணவையும் நீரையும் உரிய நேரத்தில் கிடைக்கவொட்டாது தடுத்தல். வீட்டு மாட்டுக்கும் ஏவலருக்கும் உணவு தவறாது இடவேண்டும் என்று இதற்குப் பொருள் கூறக் கேட்டிருக்கிறோம். கூட்டு வாசலில் நின்று தாய்ப்பறவையை வரவிடாது செய்பவர் செய்வதும் அதுவே அன்றோ? பறவையைத் தொடவில்லை, அடிக்கவில்லை, எனினும் குஞ்சின் உணவு தடுக்கப்பட்டது.

அவ்வத்தியாயமே அவ்விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகளுள் ஈரியா சமிதியையும் ஆதான நிக்ஷேபண சமிதியையும் வைத்துள்ளது. பார்த்து நடத்தல், பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தல் என்பன அவற்றின் பொருள். ஆள்காட்டியின் முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். அது கிடக்கும் மேட்டு நிலத்தில் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர்க்கும், முக்காலியைப் பாராது ஊன்றுபவர்க்கும் இவ்விரு சமிதிகளினும் பொருத்தமான அறிவுரை வேறில்லை.

கிணற்றடியில் ஒரு பயிற்சி

அவ்வாறாயின் பறவைகளைப் படமே எடுக்கலாகாதா? எடுக்கலாம். முறையறிந்து எடுத்தால் அறிவும் வளரும், அன்பும் வளரும். தூக்கணாங்குருவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மழைக் காலத்தை ஒட்டி அரூர்த் தோட்டங்களின் கிணற்றோரப் பனைகளில் இக்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டும். ஆண் குருவியே கட்டுவது. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து, முதலில் ஒரு வளையம் பின்னுகிறது. பின்னர் அது கவிழ்த்த தொப்பி போன்ற வடிவம் பெறுகிறது. அந்நிலையை எட்ட ஏறத்தாழ 8 நாள். முழுக் கூடும் முடிய ஏறத்தாழ 18 நாள். ஒரு கூட்டிற்காக 500 முறை வரை அது பறந்து நார் கொணரும். தொப்பி நிலையில் ஆண் குருவி சிறகடித்துக் கூவ, பெண் குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. பெண்ணுக்குப் பிடித்தால் மட்டுமே கூடு நிறைவு பெறும். பிடியாவிடில் பாதியில் கைவிடப்படும்.

அரைகுறையாய்த் தொங்கும் கூடுகளின் பொருளை விளக்கியவர் சாலிம் அலி (1896–1987). பம்பாய்க்கு அருகில் கீகிம் என்னும் கடற்கரை ஊரில் 1930இல் ஒரு தூக்கணாங்குருவிக் குடியிருப்பை நாள்தோறும் நோக்கி, ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைத் தொடங்கிப் பல பெண்களோடு இணைவதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் அதனை வெளியிட்டார். குருவிகள் தம் இயல்பில் இருந்தமையாலேயே அவ்வுண்மை வெளிப்பட்டது.

இத்தகைய குடியிருப்பைக் காணவும் படம் எடுக்கவும் நான் கைக்கொள்ளும் முறைகளை வாசகர்களுக்குக் கூறுகிறேன்.

1. தோட்டத்துக்காரரிடம் முதலில் அனுமதி பெறுக. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றிற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கண் கேமராவில் இருக்கையில் கால் விளிம்பில் இருத்தல் ஆகாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பற்க.

2. கிணற்றின் மறுகரையிலோ வரப்பிலோ, வெகு தொலைவில் அமர்க. முதல் அரை மணி நேரம் கேமராவை எடாது கண்ணால் மட்டும் நோக்குக. நாம் வருமுன் குருவிகள் செய்த வேலையை நாம் வந்த பின்னும் செய்கின்றனவா என்று காண்க. செய்தால் அத்தொலைவு போதும். இல்லையேல் இன்னும் விலகுக.

3. கூடு பின்னும் காலத்தை மட்டுமே படத்திற்குக் கொள்க. வாயிற்குழல் நீண்டு கூடு நிறைவுற்றால் உள்ளே முட்டை உண்டு என அறிக. அதன்பின் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்துக. தூக்கணாங்குருவி பலர் காண வெளிப்படையாகக் கட்டுவது. மறைவில் கட்டும் பறவைகளின் கூட்டை எப்பருவத்திலும் அணுகற்க.

4. இலையை விலக்காதீர்; கிளையை வெட்டாதீர்; கூட்டினுள் கைப்பேசியை நீட்டாதீர்; ஃபிளாஷ் ஒளியைப் பயன்படுத்தாதீர். ட்ரோன் என்னும் பறக்கும் கருவியைப் பறவைகள் வல்லூறாகவே கருதும். அதனைக் குடியிருப்பின் அருகே செலுத்தாதீர்.

5. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைத்தல் இன்று பெருகியுள்ளது. தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்ததென எண்ணிக் கூட்டை விட்டு ஓடி வரும் பறவையை நாம் ஏமாற்றுகிறோம். இது பொய்யும் ஆகும்.

6. அபாயக் குரல், சிறகு ஒடிந்தது போல் நடித்தல், தலைக்கு மேல் பாய்தல், இரையோடு வந்து கூட்டில் நுழையாது காத்திருத்தல் ஆகிய குறிகளுள் எதனைக் கண்டாலும் உடனே விலகுக. ஆள்காட்டிக்கு நம் முன்னோர் இட்ட பெயரே இதனைச் சொல்லும். அது கத்தினால், காட்டப்படும் ஆள் நாமே.

7. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியிடாதீர். நாம் ஒருவர் பண்போடு பார்த்துத் திரும்பினாலும், நமக்குப் பின் வரும் ஐம்பது பேரும் அவ்வாறே இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.

8. வீட்டு அலங்காரத்திற்காகத் தூக்கணாங்கூட்டை அறுத்து எடாதீர். குருவிகள் நீங்கிய பழைய கூடுகளில் வெண்தொண்டைச் சில்லைகள் வந்து முட்டையிடுவதுண்டு. தானே விழுந்து கிடக்கும் கூடு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் தீர்த்தமலைச் சாலையில் ஒரு தோட்டத்துப் பனையில் குருவிகள் கட்டக் கண்டு, அனுமதி கேட்கச் சென்றேன். பெரியவர் ஒருவர், “பாருங்க சார், ஆனா கிணத்துக்கு இந்தப் பக்கமே இருந்துக்குங்க. ஓலை வெட்ட வந்தவங்களையே குஞ்சு பறந்தப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்” என்றார். சமிதி என்னும் சொல்லை அவர் கேட்டிருக்கமாட்டார். அதன் பொருளை அறிந்திருந்தார்.

ஒரு சிற்றூரின் முப்பத்தைந்து இரவுகள்

புகைப்படம் கூட்டைக் காப்பதும் உண்டு. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. தெருவிளக்குகளுக்கான மின்விசைப் பெட்டியில் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அதனைக் கண்ட இளைஞர் ஒருவர் செய்தியையும் படத்தையும் ஊராரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். விசையை இயக்கினால் கூடு கலையும். இயக்காவிடில் தெருக்கள் இருளில் மூழ்கும். ஊரார் கலந்து பேசினர். தொடக்கத்தில் சிலர் தயங்கினும் முடிவில் இசைந்தனர். குஞ்சுகள் பொரித்துப் பறந்து செல்லும் வரை ஏறத்தாழ 35 நாள் தெருவிளக்குகள் எரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்திலும் கைவிளக்கிலும் மக்கள் நடமாடினர்.

அங்கும் ஒரு கைப்பேசிதான் பயன்பட்டது. அங்கும் கூட்டின் படமே பகிரப்பட்டது. ஆனால் அப்படம் கூட்டைக் காக்கும் பொருட்டு, காக்கக்கூடியவர்களிடம் காட்டப்பட்டது. பின்னர் மக்கள் விலகி நின்றனர். என் மருதாணி வேலிப் படமோ பாராட்டுக்காக எடுக்கப்பட்டது. இரண்டிற்கும் கருவி ஒன்றே. நோக்கமும், நோக்கத்தைத் தொடர்ந்த நடத்தையும் வேறு.

நிறைவாக

அன்பர்களே! உங்கள் இல்லத்து வேலியிலோ மாடத்திலோ ஒரு பறவை கூடு கட்டினால், அது உங்களை நம்பிக் கட்டியதென்று கொள்ளுங்கள். பிள்ளைகள் படம் எடுக்க ஆவலுற்றால் கடிந்துகொள்ளாமல், சன்னலுக்கு உள்ளே ஒரு நாற்காலி இட்டு அமரச் செய்யுங்கள். கேமராவுக்குப் பதிலாக ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, எத்தனை முறை இரை வந்தது, என்ன இரை, யார் கொணர்ந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். இரு வாரங்களில் அக்குறிப்பேடு எந்தப் படத்தினும் மிகுதியான செய்தியைத் தாங்கி நிற்கும். குஞ்சுகள் பறந்த பின் கிளையில் அமர்ந்து சிறகு உலர்த்தும் வேளையில் தொலைவிலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். அதனைச் சுவரில் மாட்டலாம்.

சிந்தனைக்கு

1. கூட்டிற்கு வேண்டிய மூன்று காப்புகள் எவை? புகைப்படம் எடுப்பவரால் ஒவ்வொன்றும் எங்ஙனம் கெடுகிறது?

2. பஞ்சுருட்டான் ஆய்வில், மனிதர் நின்ற இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? அதிலிருந்து நாம் அறிவது என்ன?

3. அன்னபான நிரோதம் என்பதன் பொருள் யாது? கைப்பேசி யுகத்தில் அதற்கு வேறு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

4. கியர்ட்டன் உடன்பிறந்தார் கூட்டை நாடியதற்கும் நாம் நாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

5. உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஒரு கூட்டைப் பற்றி, அதன் இடத்தை வெளியிடாமல், பத்து வரிகள் எழுதுக.